அத்தையின் டிரங்குப் பெட்டி: ஃபோனா, ஸ்கேனரா, ஸ்டுடியோவா?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் சென்னைப் புறநகரில் சித்தி வீட்டுக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில் இருந்த கல்யாண ஆல்பம் நனைந்து செங்கல் போலக் கனத்தது. அதை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். காய்ந்த பிறகு பக்கத்தைப் பிரித்தால் முகமெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது. சித்தப்பாவின் நெற்றியும் மாலையும் மட்டும் ஒரு துண்டில் மிஞ்சின. செய்தது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. ஈரம் காய்வதற்கு முன்பே ஒவ்வொரு படமாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பியிருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் அதற்கு ஆளில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வீடு ஒழுங்கானதும் எடுத்திருக்கலாம். வெள்ளத்தில் கரண்ட் ஏது, ஃப்ரீசர் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த ஆல்பத்துக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருந்திருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

அதனால்தான் போன வருஷம் அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டை இடித்துக் கட்டப் போவதாக அத்தான் சொன்னதும், பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். பெட்டி பத்திரமாக இருந்தது. உள்ளே மூன்று ஆல்பம், ஒரு பிஸ்கட் டின் நிறைய உதிரிப் படங்கள், கட்டுக்கட்டாக நெகட்டிவ், இரண்டு கல்யாண வீடியோ கேசட், தாத்தா குரல் பதிந்த ஒரு ஆடியோ கேசட், நூல் கட்டிய இன்லேண்டு கடிதங்கள், இரண்டு ஓலை ஜாதகம். சுவரிலிருந்து கழற்றிய சட்டம் போட்ட படங்கள் பதினொன்று தனி. அச்சுப் படங்களை மட்டும் எண்ணினோம்: 640.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே மூன்று கட்சி ஆகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "காசு நான் தரேன், மொத்தமா ஒரு ஸ்டுடியோவுல குடுத்துருங்க" என்றான். சித்தி மகள், "ஃபோனுலயே நல்லா வரும்க்கா, எதுக்குச் செலவு" என்றாள். எனக்கு ஸ்கேனர்மேல் நம்பிக்கை. வாதாடுவதை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து இருபது படங்களைப் பொறுக்கினேன். கறுப்பு வெள்ளை ஆறு, எண்பதுகளின் கலர்ப் படங்கள் எட்டு, பளபளப்பானது, சொரசொரப்பானது, வளைந்தது, பள்ளிக்கூடக் குரூப் ஃபோட்டோ ஒன்று, கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது ஒன்று. அதே இருபதையும் மூன்று வழியிலும் செய்து பார்த்தேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இருபது படங்களும் அதற்குப் பின் வந்த எட்டு மாதங்களும் சொல்லிக்கொடுத்தவை.

ஃபோனில் எடுப்பது

இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. கூகுளின் ஃபோட்டோஸ்கேன் 2016-ல் வந்தது, இலவசம். நடுவில் ஒரு முறை, பிறகு நாலு மூலைப் பக்கம் காட்டும் புள்ளிகளுக்கு ஃபோனை நகர்த்தி நாலு முறை என்று எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து வெளிச்சத் திட்டு இல்லாத ஒரே படமாக்கித் தருகிறது. பளபளப்பான படங்களுக்கும் கண்ணாடிக்குள் இருக்கும் படங்களுக்கும் உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் ஐந்து படங்களைக் கணக்குப் போட்டு ஒட்டும்போது சின்ன முகங்கள் கொஞ்சம் மழுங்குவதைப் பார்த்தேன். சாதாரண கேமராவில், வெளிச்சத்தைச் சரியாக வைத்து ஒரே முறை எடுத்தது அதைவிடக் கூர்மையாக வந்தது.

வெளிச்சம்தான் இதில் எல்லாம். தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்தால் படம் பாழ். காலை பத்து மணிக்கு வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டி, மேசையில் படம். ஃபோனை ஒரு ஸ்டூல் விளிம்பிலிருந்து நீட்டிக் கட்டி, படத்துக்கு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மிக அருகில் கொண்டுபோனால் ஓரங்கள் வளைகின்றன, ஃபோன் நிழலும் விழுகிறது. சற்று உயரத்தில் வைத்து இரண்டு மடங்கு ஜூம் போட்டால் இரண்டும் தீர்ந்தன. ஃபோனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி பிடித்தால், பளபளப்பான படத்தில் என் கையும் கூரையும் பிரதிபலிப்பது நின்றது.

இப்படி ஒரு மணி நேரத்தில் அறுபது, எழுபது படங்கள் முடியும். ஆல்பத்திலிருந்து பிரிக்கவே முடியாத படங்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வந்த பசை ஆல்பம் நினைவிருக்கிறதா? பக்கம் முழுக்கப் பசைக்கோடு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். படங்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பசை மஞ்சளாகி முதுகில் ஊறுகிறது, பிளாஸ்டிக் முகத்தில் ஒட்டுகிறது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு அறுக்கிற மாதிரி மெதுவாக இழுத்தால் சில படங்கள் வருகின்றன. வராததை இழுக்காதீர்கள். பிளாஸ்டிக்கை மட்டும் தூக்க முடிந்தால் தூக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே ஃபோனில் எடுத்துவிடுங்கள்.

ஸ்கேனர்

அதே படங்களைச் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரில் வைத்ததும் வித்தியாசம் தெரிந்தது. புடவைக் கரையின் நூல், பின்சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் எழுத்து, மூக்குத்தியின் கல் எல்லாம் தனித்தனியாக. இங்கே முக்கியமான எண் டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. மேக்சி சைஸ், அதாவது 4×6 அங்குலப் படத்தை 300-ல் ஸ்கேன் செய்தால் 1200×1800 புள்ளி. அதே அளவில் திரும்ப அச்சடிக்க அது போதும். 600-ல் 2400×3600. இரண்டு மடங்கு பெரிதாக அச்சடிக்கலாம், குரூப்பில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். 1200-க்குப் போனால் கோப்பு நாலு மடங்கு பெருக்கிறது. படத்தில் இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது, தாளின் நார்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே 600. பாஸ்போர்ட் சைஸ் போன்ற குட்டிப் படங்களுக்கு மட்டும் 1200 வைத்தேன்.

வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மலிவான மெல்லிய ஸ்கேனர்களில், உதாரணமாக கேனன் லைடு 300, எப்சன் வி39 வகையில், சிஐஎஸ் என்ற சென்சார் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டி இருப்பதுதான் அதற்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பினால் மங்கிவிடும். வளைந்த படம், தடித்த அட்டையில் ஒட்டிய படம், சட்டத்தோடு இருக்கும் படம் எதற்கும் உதவாது. எப்சன் வி600 போன்ற பருத்த ஸ்கேனர்களில் இருக்கும் சிசிடி சென்சாருக்கு அந்த மில்லிமீட்டர் பிரச்சினை குறைவு, நெகட்டிவையும் எடுக்கும். ஆனால் விலை பல மடங்கு. வருஷம் முழுவதும் வேலை இருப்பவர்கள் வாங்கலாம். 640 படத்துக்கு மெல்லியதே போதும் என்று வாங்கினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஸ்கேனர் தோற்ற இடமும் உண்டு, நான் எதிர்பார்க்காத இடம். எண்பதுகளில் ஸ்டுடியோக்காரர்கள் விரும்பி அச்சடித்த சொரசொரப்புத் தாள், பட்டுத்துணி போலவோ தேன்கூடு போலவோ மேடுபள்ளம் உள்ளது. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமாகவே விழுவதால் அந்த மேடுபள்ளம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் படிந்தது. முகத்தில் அம்மை போட்ட மாதிரி. படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து இரண்டையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் குறைகிறது. ஆனால் ஜன்னல் ஓரத்து ஃபோன் படம் எந்தச் சிரமமும் இல்லாமல் அதைவிட நன்றாக இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் சித்தி மகள் சொன்னதுதான் சரி.

நேரம்தான் ஸ்கேனரின் பெரிய செலவு. ஏ4 கண்ணாடியில் மேக்சி சைஸ் மூன்றுதான் பிடிக்கும், பழைய 3.5×5 அளவு நாலு பிடிக்கும். வைத்து, மூடி, எடுத்து, கண்ணாடியில் விழுந்த தூசியைத் துடைத்து என்று மணிக்கு முப்பது, நாற்பதுக்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஸ்கேனரோடு வரும் மென்பொருளில் தானாக நிறம் திருத்துவதையும் கூர்மையாக்குவதையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலராகவே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய நிறமும், ஓரத்தில் பென்சிலில் எழுதியதும், மஞ்சள் கறையும் அந்தப் படத்தின் வயதைச் சொல்பவை.

ஸ்டுடியோவில் கொடுப்பது

ஊர் பக்கத்து டவுனில் ஒரு ஸ்டுடியோவில் அதே இருபதைக் கொடுத்தேன். படத்துக்கு 20 ரூபாய் சொன்னார்கள். 640-க்குக் கணக்குப் போட்டால் 12,800. நான் வாங்கிய ஸ்கேனரைவிட அதிகம்தான், ஆனாலும் தம்பி தரத் தயாராக இருந்த பணம். நாலு நாளில் பென்டிரைவில் வந்தது.

நல்ல எண்ணத்தோடுதான் செய்திருந்தார்கள். முகங்களை வெளுப்பாக்கி, தோலை வழவழப்பாக்கி, வெள்ளை ஓரங்களை வெட்டி, எல்லாப் படத்தையும் ஒரே அளவாக்கி. கல்யாண ஆல்பம் செய்கிற பழக்கத்தில் வந்த கை அது. தாத்தாவின் அம்மைத் தழும்பு காணாமல் போயிருந்தது. அந்தத் தழும்பை வைத்துத்தான் அத்தை அவரையும் அவர் தம்பியையும் பிரித்து அடையாளம் சொல்வாள். பின்பக்கத்தை யாரும் ஸ்கேன் செய்யவில்லை, படங்கள் திரும்பி வந்தபோது ஆல்பத்தின் வரிசையும் கலைந்திருந்தது. கேட்காமல் விட்டது என் தப்பு. கொடுப்பதாக இருந்தால் எழுதியே கொடுங்கள்: 600 டிபிஐ, திருத்தம் எதுவும் கூடாது, ஓரம் வெட்டக் கூடாது, எழுத்து இருந்தால் பின்பக்கமும் வேண்டும், வரிசை மாறக் கூடாது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் பின்னாலும் மென்மையான பென்சிலில் லேசாக ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மசியும் ஊறும்.

பின்பக்கத்தை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டுடியோ முத்திரை, ஊர்ப் பெயர், சில சமயம் தேதி, யாருக்கு அனுப்பியது என்ற ஒரு வரி, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாய்ப்புள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேர்த்து எண்ம வடிவில் பாதுகாத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகும் பொருள் நம் வீட்டுச் சட்டங்களிலும் தொங்குகிறது. அட்டையில் ஒட்டிய படமென்றால் அட்டையையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்டுடியோ எங்கே கண்டிப்பாக வெல்கிறது என்றால் பெரிய படங்களில். பள்ளிக்கூடக் குரூப் ஃபோட்டோ 10×12 அங்குலம், தடித்த அட்டை, லேசாக வளைந்தது, அறுபது முகங்கள். என் ஸ்கேனரில் அது அடங்கவே இல்லை. ஃபோனில் கடைசி வரிசை முகங்கள் கரைந்தன. ஸ்டுடியோவில் நல்ல கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தார்கள். மூன்றாம் வரிசையில் அப்பா தெரிந்தார், மேல்பித்தான் இல்லாத சட்டையோடு.

எது முதலில் சாகும்

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும் முடிவு எடுக்க முடியவில்லை. மூன்றுமே நல்ல வழிதான், மூன்றுமே வெவ்வேறு படத்துக்கு. அப்போதுதான் எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன் எது முதலில் அழியும் என்று கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

எல்லாரும் செய்கிற தவறு, இருப்பதிலேயே பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் எடுப்பது. அந்தப் படம் வெள்ளித் துகளால் ஆனது. ஓரத்தில் வெள்ளி மினுக்கம் ஏறினாலும், ஒழுங்காகக் கழுவி அச்சடித்திருந்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். எழுபதுகள், எண்பதுகளின் கலர்ப் படமோ சாயத்தால் ஆனது. மூன்று சாயங்களில் நீலப்பச்சை இருட்டில் வைத்திருந்தாலும் வெளிறுகிறது, அதனால்தான் அந்தக் காலக் கல்யாணப் படங்களெல்லாம் செம்மண் நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று ஸ்கேன் செய்தால் கணினியில் நிறத்தை ஓரளவு மீட்கலாம், சாயம் முழுக்கப் போய்விட்டால் மீட்க ஒன்றும் இருக்காது.

அதைவிட அவசரம் நெகட்டிவ். பழைய அசிடேட் பிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் சிதையும்போது காடி (வினிகர்) வாசனை அடிக்கும். டின்னைத் திறந்ததும் அந்த வாசனை வந்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எங்கள் நெகட்டிவ் கட்டுகளில் இரண்டு கீற்று அப்படி இருந்தன. எல்லாவற்றையும்விட அவசரம் வீடியோ கேசட். காந்த நாடா தன்னாலேயே பலவீனமாகிறது. அது நன்றாக இருந்தாலும் போட்டுப் பார்க்க டெக் கிடைப்பதில்லை, கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-ல் நிறுத்திவிட்டது.

ஆக, பொருளின் வரிசை இது: கேசட், நெகட்டிவ், கலர்ப் படம், கடைசியில் கறுப்பு வெள்ளை. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். அத்தை பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாரு அத்தை?"

"இவுகளா... கல்லிடைக்குறிச்சியில இருந்து வருவாகளே... பேரு நாக்குல நிக்கி, வர மாட்டேங்கு."

அத்தைக்கு வயது 84. தாளில் எழுதியிருந்த வரிசை அங்கேயே மாறியது. வெள்ளி இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும், அந்த முகங்களின் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள். கறுப்பு வெள்ளைக்குத்தான் முதல் இடம், ஆனால் அதற்கு ஸ்கேனர் வேண்டாம். ஸ்கேனர் என்றால் லேப்டாப், வயர், ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம் காத்திருப்பு, நான் அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பது. ஸ்டுடியோ என்றால் படங்கள் அத்தையை விட்டே போய்விடும். ஃபோன் மட்டும்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும். முதல் சுற்றில் கூர்மையைப் பற்றிக் கவலைப்படாமல் அறுபது படங்கள் எடுத்தேன். இன்னொரு ஃபோனில் குரல் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எண்ணைச் சொல்லிவிட்டு அவளைப் பேசவிட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், சோர்ந்துபோகிறாள். "வலப்பக்கம் நிக்கிறது யாரு" என்று கேட்பதைவிட "இது எந்த வீட்டுத் திண்ணை" என்று கேட்டால் பெயர் தானாக வந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரரின் பெயர் மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

அதனால் நான் எடுத்த முடிவு இது. அத்தையோடு முதல் சுற்று ஃபோனில். அதே வாரம் வீடியோ கேசட்டுகளும் காடி வாசனை வந்த நெகட்டிவும் வெளியே கடைக்கு. பிறகு சென்னைக்கு வந்து கலர்ப் படங்கள் முழுக்க ஸ்கேனரில், சொரசொரப்புத் தாள் மட்டும் ஜன்னல் ஓரத்தில். கறுப்பு வெள்ளையில் முக்கியமான நூற்றிருபதைப் பெயர் எழுதியபின் ஸ்கேனரில் மறுபடி. பெரிய குரூப் படங்களும் சட்டங்களும் ஸ்டுடியோவில், எழுதிக் கொடுத்த நிபந்தனைகளோடு. தம்பி தருவதாகச் சொன்ன பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

சட்டங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பலகையைக் கழற்றி, படம் தானாக விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் தொடாதீர்கள், கண்ணாடியோடேயே படமெடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பதினொன்றில் மூன்று அப்படி. இன்னொன்றை யாரோ நல்லெண்ணத்தில் லேமினேஷன் செய்திருந்தார்கள். அதைப் பிரிக்கவே முடியாது, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நெகட்டிவ், கேசட், கடிதம்

அப்பாவிடம் அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. 120 பிலிமில் பன்னிரண்டு படம், 6×6 சென்டிமீட்டர் சதுரம். அந்தப் பெரிய நெகட்டிவில் அச்சுப் படத்தில் இல்லாத விவரமெல்லாம் இருக்கிறது. அச்சடிக்கும்போது ஓரத்தை வெட்டியிருப்பார்கள், நெகட்டிவில் அந்த ஓரத்தில் நிற்கிற ஆளும் இருப்பார். சில கீற்றுகளில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸின் 'இந்து' பெயர் இருந்தது. 1960-ல் அங்கே தொடங்கிய அரசு நிறுவனம், இன்று அது இல்லை, பிலிம் மட்டும் நம் வீடுகளில் மிச்சம்.

நெகட்டிவை ஃபோனில் எடுப்பவர்கள் டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு அதன்மேல் வைக்கிறார்கள். நேராக வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும். நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டுப் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு வைத்தால் சரியாகும். யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க இது போதும். நல்ல பிரதிக்கு, நெகட்டிவ் எடுக்கிற ஸ்கேனர் வைத்திருக்கும் கடையே மேல். 35 எம்எம் நெகட்டிவ் 24×36 மில்லிமீட்டர்தான், அதற்கு 2400 டிபிஐயாவது கேளுங்கள். தூசியும் கீறலும் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி வெள்ளித் துகள் உள்ள கறுப்பு வெள்ளை பிலிமுக்கு வேலை செய்யாது, படத்தையே கீறல் என்று நினைத்துக்கொள்ளும். அதை அணைக்கச் சொல்லுங்கள்.

வீடியோ கேசட்டைக் கொடுப்பதற்கு முன் சின்ன ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை வீட்டு டெக்கில் போடாதீர்கள், ஹெட் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்து போடத் தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். டிவிடி வேண்டாம், கோப்பாகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். பாட்டுச் சேர்ப்பது, தலைப்புப் போடுவது எதுவும் கூடாது. எங்கள் 1991 கேசட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவே பாட்டி யாரையோ அதட்டுவது கேட்கிறது. மேலே ஒரு சினிமாப் பாட்டை ஒட்டியிருந்தால் அது போயிருக்கும்.

ஆடியோ கேசட் வீட்டிலேயே முடிகிற வேலை. ஓடுகிற ஒரு டேப் ரெக்கார்டர், ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர், இலவச மென்பொருள் ஆடாசிட்டி. முதல் முறை ஓட்டும்போதே பதிவு செய்துவிடுங்கள், இரண்டாம் முறை ஓடும் என்று நிச்சயமில்லை. கடிதங்களுக்கு ஃபோன் போதும். இன்லேண்டு கடிதத்தை முழுக்க விரித்து இரண்டு பக்கமும், தபால் முத்திரை தெரிய. மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசைதான் முதலில் பழுப்பாகும். ஓலை ஜாதகத்தின் கீறல் எழுத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் எழும்பித் தெரிகிறது.

எங்கே வைப்பது

600 டிபிஐயில் ஒரு மேக்சி சைஸ் படம் டிஃப் கோப்பாக, அதாவது சுருக்காமல் வைத்தால், ஏறக்குறைய 26 எம்பி. 640-ம் அந்த அளவு என்று வைத்தால் 16.6 ஜிபி. கூகுள் தருகிற இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேர்த்து. அளவில்லாமல் ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. அதனால் முக்கியமான நூற்றிருபதை மட்டும் டிஃபாக வைத்தேன், மற்றவை உயர்தர ஜேபெக், மொத்தமும் இலவச இடத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டு வருஷம் யாரும் நுழையாத கூகுள் கணக்கு அழிக்கப்படலாம் என்பதையும் மனதில் வையுங்கள். செயல்படாத கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறிக்க அதிலேயே வசதி உண்டு, தம்பி பெயரைப் போட்டிருக்கிறேன்.

பென்டிரைவை நம்பி மேசை டிராயரில் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் இருப்பது மெல்ல மறையும். ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினேன், ஒன்று சென்னையில், ஒன்று அத்தான் வீட்டில். வருஷம் ஒரு முறை பொங்கலுக்கு இரண்டையும் செருகிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒரே வெள்ளம் இரண்டு ஊரையும் சேர்த்து அடிக்காது என்ற கணக்கு. கோப்பின் பெயரிலேயே வருஷம், ஊர், யார், எண் என்று எழுதினேன்: "1968-அம்பை-அத்தை கல்யாணம்-012". கோப்புக்குள் புதைத்து எழுதும் குறிப்புகளை வாட்ஸ்அப் அழித்துவிடும், கோப்பின் பெயர் மனிதருக்குப் புரியும். அத்தையின் குரல் பதிவுக்கும் அதே எண்.

பகிர்வதில் வாட்ஸ்அப்பைத் தவிர்க்க முடியாது, ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். எச்டி என்று 2023-ல் வந்த வசதி பரவாயில்லை, டாக்குமெண்டாக அனுப்பினால் மூலம் அப்படியே போகும். குழுவில் அன்றாடம் ஒரு படம் போட்டேன், முழுத் தொகுப்புக்கு டிரைவ் இணைப்பு. இரண்டும் அத்தைக்கு உதவவில்லை. அவளுக்கு நாற்பது படங்களைப் பெரிதாக அச்சடித்து, கீழே பெரிய எழுத்தில் பெயர் போட்டு ஒரு புத்தகமாகக் கட்டிக் கொடுத்தோம். அதைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி மேலும் இரண்டு பெயர் சொன்னார்.

சில படங்களை எங்கும் போடவில்லை. இறந்தவரை உட்காரவைத்துச் சுற்றிலும் குடும்பம் நிற்கிற படங்கள் நம் வீடுகளில் உண்டு. எங்கள் பெட்டியிலும் இரண்டு இருந்தன, ஒன்று குழந்தை. ஸ்கேன் செய்தேன், பெயர் எழுதினேன், குழுவில் போடவில்லை. பெரியவர்கள் கேட்டால் காட்டுகிறேன்.

கடைசியாக, இப்போது எல்லாரும் செய்கிற முகம் தெளிவாக்கும் செயலிகள். தம்பி ஒரு மங்கலான படத்தைக் கொடுத்துப் பாட்டியை மீட்டு அனுப்பினான். கண் கூர்மையாக இருந்தது, இமை முடி எண்ணலாம் போலிருந்தது. அத்தையிடம் காட்டினேன். "நல்லா இருக்கு. யாரு இது?" என்றாள். அந்தச் செயலி பாட்டியைத் தெளிவாக்கவில்லை, அந்த இடத்தில் வேறொரு பெண்ணை வரைந்திருக்கிறது. விருப்பமானால் செய்து பாருங்கள், ஆனால் கோப்பின் பெயரில் 'செயற்கை' என்று எழுதுங்கள், மூலத்தை ஒருபோதும் அதனால் மாற்றாதீர்கள். இன்னும் முப்பது வருஷத்தில் பார்க்கப்போகிற பேத்திக்கு எது பாட்டி என்று சொல்ல அத்தை இருக்க மாட்டாள்.

பிஸ்கட் டின்னில் இன்னும் தொண்ணூறு படங்கள் பெயர் எழுதாமல் பாக்கி. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஃபோனும் கறுப்புத் துணியும் எடுத்துப் போகிறேன். ஸ்கேனர் சென்னையிலேயே இருக்கட்டும்.